சம்சாரத்துக்குக் கோதுமை ஆகாது

என் அண்ணன் ஆஸ்டினைப் புதைத்த அன்று மதியம் அவன் மனைவி டிம்ப்னா ஒரு வாய் கூடச் சாப்பிடவில்லை. நூற்றிருபது பேர் அவள் முன்னால் உட்கார்ந்திருந்தோம். ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. அந்த நூற்றிருபதில் நானும் ஒருத்தி.

அயர்லாந்தில் எங்கள் மேயோ பக்கத்து வழக்கம் இது. பூசை முடியும்போதே பாதிரியார் பீடத்திலிருந்து சொல்லிவிடுவார், அடக்கம் ஆனதும் எல்லோரும் ஹோட்டலுக்கு வர வேண்டும், குடும்பத்தார் அழைக்கிறார்கள் என்று. நவம்பர் மழையில் நின்று மண் போட்டுவிட்டு நேராக அங்கே போனோம். காய்கறி சூப், சுட்ட மாட்டிறைச்சி, அதன் தலையில் ஊற்றிய கிரேவி. சூப் கெட்டியாக மாவு, கிரேவி கெட்டியாக மாவு, இறைச்சிக்குப் பக்கத்தில் ரொட்டித் தூளைப் பிசைந்து வைத்த உருண்டை. டிம்ப்னா நடு மேசையில் உட்கார்ந்து இறைச்சியைச் சின்னச் சின்னதாக வெட்டினாள். வெட்டியதைத் தட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குத் தள்ளினாள். துக்கம் கேட்க வந்தவர்களுக்கெல்லாம் எழுந்து நின்று கை கொடுத்தாள்.

"சாப்பிட்டியா?" என்று கேட்டேன்.

"சாப்பிட்டேன், பெர்னி."

"நல்லா இருந்துச்சா?"

"ரொம்ப."

நம்பிவிட்டேன். மூன்றாம் நாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. ஹோட்டலில் யாருமே சொல்லவில்லையே. சொல்கிறவன்தான் பெட்டிக்குள் படுத்திருந்தானே.

டிம்ப்னாவுக்குக் கோதுமை ஆகாது. கோதுமை, பார்லி, இந்த மாதிரி தானியங்களில் இருக்கும் ஒரு பசை அவள் குடலை அரித்துவிடும். சீலியாக் என்று பெயர். இன்றைக்கு எங்கள் நாட்டில் தெருவுக்கு ஒருவருக்கு இருக்கிறது, கடையில் அவர்களுக்கென்று தனி அலமாரியே இருக்கிறது. அவளுக்கு வந்த காலத்தில் டாக்டர்களிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. கல்யாணமாகி எட்டு வருடம் ஈர்க்குச்சி மாதிரி இருந்தாள். ரத்தம் இல்லை, பலம் இல்லை. மூன்று பிள்ளைகள் வயிற்றிலேயே போயின. கடைசியில் கால்வே ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார், ரொட்டியை நிறுத்துங்கள், பிள்ளைகள் தங்காததற்குக்கூட அது காரணமாக இருக்கலாம் என்று.

என் அண்ணனுக்கு என்ன வேலை தெரியுமா? ரொட்டி வண்டி ஓட்டுவது. விடிய மூன்று மணிக்கு எழுந்து, பேக்கரியில் சூடு ஆறாத ரொட்டியை ஏற்றிக்கொண்டு, பாலினாவிலிருந்து கடலோரம் வரைக்கும் கடை கடையாகப் போடுவான். வீடே ரொட்டி மணக்கும். கல்யாணமான நாளிலிருந்து தினமும் காலையில் அவளுக்கென்று ஒரு ரொட்டியை மார்போடு அணைத்துக் கொண்டுவந்து கொடுத்தவன் அவன். பலம் வரட்டும், சாப்பிடு சாப்பிடு என்று ஊட்டியவனும் அவனே.

 டாக்டர் சொன்ன மறுநாள் அவன் டோஸ்டரைத் தூக்கிக்கொண்டு போய்க் கரிக் கொட்டகையில் வைத்தான். அன்றிலிருந்து அவன் ரொட்டி தின்பது அங்கேதான். கரி மூட்டைகளுக்கு நடுவே ஒரு நாற்காலி, ஒரு ரேடியோ, ஒரு வெண்ணெய் டப்பா. சட்டையில் ஒட்டிய துணுக்குகளைத் தட்டி, கை கழுவி, கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவான். பனி கொட்டினாலும் அப்படித்தான். ஏண்டா இப்படி என்று ஒரு தடவை கேட்டேன். "பக்கத்துல ரேடியோ இருக்கே" என்றான்.

வேலையை விடவும் பார்த்தான். வேறு வேலை இல்லாத காலம் அது. ஆகவே ஓட்டினான். அதற்குப் பரிகாரமாகத்தான் அந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டான் என்று நினைக்கிறேன்.

அந்த வசனம் எனக்கு மனப்பாடம். எந்த ஊர் போனாலும், எந்த ஹோட்டலில் உட்கார்ந்தாலும், பரிமாறுகிறவர் மேசைக்கு வந்ததும் ஆஸ்டின் எழுந்து நிற்பான். தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொள்வான். "என் சம்சாரத்துக்குக் கோதுமை ஆகாது. ஒரு துணுக்கு போனாலும் அவ படுத்துருவா, எனக்குத் தூக்கம் கிடையாது. சமையல்காரர்கிட்ட நேர்ல ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க, நான் இங்கயே நிக்கிறேன்." சொன்னபடி நிற்பான். போனவர் திரும்பி வந்து தலையாட்டும் வரைக்கும் உட்கார மாட்டான். சுற்றியிருக்கிற மேசையெல்லாம் திரும்பிப் பார்க்கும். டிம்ப்னா மேசைவிரிப்பில் இருக்கும் பூவை எண்ணிக்கொண்டிருப்பாள். உருளைக்கிழங்கு வறுவலை எந்த எண்ணெயில் போட்டீர்கள், மாவில் தோய்த்த மீனைப் பொரித்த அதே எண்ணெயா என்று அடுத்த விசாரணையை ஆரம்பிப்பான். கார் டிக்கியில் அவளுக்கென்று ஒரு பழுப்புப் பை எப்போதும் இருக்கும். தனி ரொட்டி, தனி வெண்ணெய், ஒரு குட்டி டோஸ்டர்.

வருடத்துக்கு ஒரு வாரம் எங்காவது போவார்கள். ஒரு தடவை ரோமாபுரிக்குப் போனார்கள். அங்கே பரிமாறுகிற பையன் "சம்சாரத்துக்கு" என்பதற்குள்ளேயே விஷயத்தைப் புரிந்துகொண்டு, உள்ளே ஓடி, அவளுக்கென்று தனிப் பானையில் பாஸ்தா வேக வைத்துக் கொண்டுவந்து விட்டானாம். டிம்ப்னா சொர்க்கம் என்றாள். அண்ணனுக்கு மட்டும் வருத்தம். "சொல்லி முடிக்க விடல, பெர்னி" என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டான்.

அவள் ஏன் தானே சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். நான் முப்பது வருடம் கேட்டவள். பிறந்ததிலிருந்து அவள் அப்படி. ஒன்பது பிள்ளைகள் உள்ள வீடு. கேட்கிற பிள்ளைக்குக் கிடையாது என்பது அவள் அம்மாவின் சட்டம். விருந்துக்குப் போன இடத்தில் எதையாவது கேட்டால் வீடு திரும்பும் வழியெல்லாம் தொடையில் கிள்ளு. எங்கள் நாட்டில் டீ குடிக்கிறீர்களா என்று கேட்டால், மூன்று தடவை வேண்டாம் என்றுவிட்டு நாலாவதற்கு வாங்கிக்கொள்வதுதான் மரியாதை. டிம்ப்னா நாலாவதற்கும் வேண்டாம் என்பவள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். இவள் அழாமலே வளர்ந்துவிட்டாள், அப்புறம் இவளுக்காக அழ ஒருவன் கிடைத்துவிட்டான்.

அவன் செத்தபோதும் அவள் அழவில்லை. அடக்கத்தில் இல்லை, முப்பதாம் நாள் பூசையில் இல்லை, கிறிஸ்துமஸுக்கும் இல்லை. நானும் அழவில்லை. எனக்குக் கோபம் வந்தது, எனக்கு எப்போதும் அதுதான் வரும். தபால் ஆபீசில் ஜன்னலுக்குப் பின்னால் இருந்து முப்பது வருடம் ஊரைத் திட்டியவள். டிம்ப்னாவுக்குக் கோபமும் வரவில்லை. துணி துவைத்தாள், அடுப்பைப் பற்ற வைத்தாள், வந்தவர்களுக்கு டீ போட்டாள். யார் எது சொன்னாலும் "சரி". மழை வரும் போலிருக்கிறது என்றால் "சரி". அவன் துணிகளைக் கோயிலுக்குக் கொடுத்துவிடலாமா என்றாலும் "சரி".

ஜனவரியில் ஊர் வேறு பேச ஆரம்பித்தது. உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது. டிம்ப்னா ஞாயிறு பூசைக்கு வருகிறாள், ஆனால் நற்கருணை வாங்க எழுந்து போவதில்லை. எல்லோரும் வரிசையில் போக அவள் மட்டும் பெஞ்சில் மண்டி போட்டிருக்கிறாள். எங்கள் ஊரில் நற்கருணை வாங்காவிட்டால் இரண்டே காரணம்தான். ஒன்று பெரிய பாவம் செய்திருக்க வேண்டும், அல்லது கடவுளோடு சண்டை போட்டிருக்க வேண்டும். அறுபத்துநாலு வயதில் அவள் என்ன பாவம் செய்வாள் என்று யோசித்துப் பார்த்து, இரண்டாவதை முடிவு செய்துவிட்டார்கள். ஒரு புதன்கிழமை ஃபாதர் லாஃப்டஸ் அவள் வீட்டுக்கே வந்துவிட்டார். நானும் இருந்தேன்.

"டிம்ப்னா, ஆண்டவர் மேல கோபம் வர்றது தப்பே இல்லம்மா. எல்லாத்தையும் பறிகொடுத்த யோபுவுக்கே வந்துச்சு."

"சரி, ஃபாதர்."

"மனசுல என்ன இருந்தாலும் என்கிட்ட சொல்லலாம்."

"ஒண்ணும் இல்ல, ஃபாதர். டீ குடிக்கிறீங்களா?"

அவர் யோபுவை இரண்டு டீக்கும் நாலு பிஸ்கட்டுக்கும் நீட்டினார். அவர் கார் வாசலைத் தாண்டியதும் நான் பிடித்துக்கொண்டேன்.

"கடவுளோட என்ன சண்டை உனக்கு?"

"சண்டை எல்லாம் இல்ல. அந்தக் குட்டி டப்பாவை வைக்கல, பெர்னி. அதான் போகல."

பூசையில் கொடுக்கிற நற்கருணை அப்பம் கோதுமைதானே. அவளுக்கென்று கோதுமையின் பசை எடுத்த அப்பம் ஒன்று தனியாக, சின்ன வட்ட டப்பாவில் பீடத்தில் வைப்பார்கள். பூசைக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஆஸ்டின் கோயில் பின் அறைக்குள் தலையை நீட்டி, "டெல்யா, வீட்டுக்காரிக்கு ஒண்ணு" என்பான். டெல்யாதான் பீடச் சாமான்களைப் பார்த்துக்கொள்கிறவள். நான் கோட்டை மாட்டிக்கொண்டு நேராக அவளிடம் போனேன்.

"தலை வரல, டப்பா வைக்கல" என்றாள் டெல்யா.

"முப்பது வருஷமா அவளுக்குத்தான் வைக்கறதுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியாம என்ன? இப்ப வேணுமா வேண்டாமான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"கேக்க வேண்டியதுதானே."

"நல்லா இருக்கே. புருஷன் செத்த வீட்டுல போய் அதையெல்லாம் கேப்பாங்களா?"

அவள் கேட்கவில்லை, இவள் சொல்லவில்லை, ஃபாதர் யோபுவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். நடுவில் ஒரு மனுஷி பத்து வாரமாகக் கடவுள் மேல் கோபக்காரி ஆகிவிட்டாள். எங்கள் ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாராலும் இப்படி ஒரு காரியம் பண்ண முடியாது. அடுத்த ஞாயிறு நானே தலையை நீட்டினேன். டப்பா வந்தது, டிம்ப்னா எழுந்து போனாள், ஊர் பெருமூச்சு விட்டது. ஆனால் அதுவும் என் வாய்தான், அவள் வாய் இல்லை.

பிப்ரவரியில் ஒரு நாள் காலை அவள் வீட்டுக்குப் பின்வழியாகப் போனேன். கொட்டகையிலிருந்து டோஸ்ட் வாசனை வந்தது. ஒரு நிமிடம், சத்தியமாகச் சொல்கிறேன், அண்ணன் உள்ளே இருக்கிறான் என்று நினைத்துவிட்டேன். கதவைத் தள்ளினேன். அவன் நாற்காலியில் டிம்ப்னா உட்கார்ந்திருந்தாள். மடியில் தட்டு, தட்டில் வெண்ணெய் தடவிய இரண்டு துண்டு. கடையில் விற்கிற சாதாரண ரொட்டி. மூன்றாவது துண்டு கையில், பாதி கடித்தது.

"என்ன பண்ற?"

"டோஸ்ட்."

"எத்தனை நாளா?"

"பனி விழுந்துச்சே, அந்த வாரத்துலேருந்து."

"வயிறு என்ன ஆகும்னு தெரியுமில்ல?"

"வலிக்குது. ரொம்ப வலிக்குது." ரேடியோவில் வானிலை சொல்கிற மாதிரி சொன்னாள். "வலிக்கறப்ப நான் இருக்கேன்னு தெரியுது. மத்த நேரத்துல ஒண்ணுமே தெரியல, பெர்னி. கையைக் கழுவறேன், யாரோட கையோ மாதிரி இருக்கு."

நான் சுவரிலிருந்து ஒயரைப் பிடுங்கினேன். டோஸ்டரைச் சூட்டோடு கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இன்னொரு கையால் அவளைப் பிடித்து இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். கோட்டில் இன்றைக்கும் அந்தக் கருகல் இருக்கிறது. ரத்தம் பாதியாக இறங்கியிருந்தது. உடம்பில் பத்து கிலோ குறைந்திருந்தது. இப்படியே போனால் அடுத்த குளிர்காலம் தாங்காது என்று டாக்டரம்மா அவளிடமே சொன்னாள். "சரி" என்றாள் டிம்ப்னா.

தினமும் மதியம் நான் போய் எதிரில் உட்கார்ந்து சாப்பிட வைத்தேன். வாயில் வைத்ததை விழுங்கினாள். வீட்டுக்குள் அது நடந்தது. வெளியே எங்கே போனாலும் பழைய கதைதான். கடையில், கல்யாணத்தில், யார் வீட்டிலாவது, கொடுத்ததை வாங்கித் தட்டில் தள்ளிவிட்டு வந்தாள், சில நாள் தின்றும் வைத்தாள். எனக்கு அறுபத்தொன்பது வயது, முழங்கால் இரண்டும் போய்விட்டது. நான் போன பிறகு யார் சொல்லப்போகிறார்கள்? வாயுள்ள பிள்ளை பிழைக்கும். வாயில்லாததை என்ன செய்வது என்று எந்தப் பழமொழியிலும் இல்லை.

மே மாதம் எங்கள் ஓய்வுபெற்றோர் குழு மூன்று நாள் பன்டோரன் கடற்கரைக்குப் பஸ் பிடித்தது. எங்கள் இரண்டு பேர் பெயரையும் எழுதிக் கொடுத்தேன். "சரி" என்றாள். பஸ் ஊரைத் தாண்டியதும் அவளிடம் சொல்லிவிட்டேன்.

"இந்த மூணு நாளும் உனக்காக நான் வாயைத் திறக்க மாட்டேன். வேணும்னா நீ கேளு."

"சரி."

"கேக்கலேன்னா பட்டினிதான்."

"சரி, பெர்னி" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வழியில் ஸ்லைகோவில் டீக்கு நிறுத்தினார்கள். எல்லோருக்கும் ஸ்கோன் என்ற குட்டி ரொட்டி வந்தது. அவள் கறுப்பு டீ குடித்தாள். அன்று சாயங்காலம் ஹோட்டலில் எட்டுப் பேர் மேசை. சூப், மாவில் தோய்த்துப் பொரித்த மீன். டிம்ப்னா அவித்த உருளைக்கிழங்கில் எதுவும் படாத உள்பக்கத்தை மட்டும் கிண்டி நாலு வாய் சாப்பிட்டாள்.

"மீன் பிடிக்கலியா?" என்று எதிரில் இருந்த நோரீன் கேட்டாள். நோரீனுக்கு அடுத்தவர் தட்டில் எப்போதும் ஒரு கண்.

"வயிறு நிறைஞ்சிருச்சு."

என் நாக்கு நுனியில் வசனம் வந்து நின்றது. சம்சாரத்துக்குக் கோதுமை. கடித்து விழுங்கிவிட்டேன். என் மீன் மண்ணாகத்தான் இருந்தது. காலையில் ரொட்டித் தூள் சேர்த்த சாசேஜ், பார்லி சேர்த்த ரத்தப் பணியாரம், எல்லோரும் ஒரே டோஸ்டரில் போட்டு எடுத்த ரொட்டி. அவள் ஒரு வாழைப்பழம் எடுத்துக்கொண்டாள்.

காலைச் சாப்பாடு முடிந்து பாறைக்கு மேலே கடலோரமாக நடந்தோம். பாதி வழியில் அவள் கால் மடங்கியது. பெஞ்சில் உட்கார வைத்தேன். உதடு வெளுத்திருந்தது. என் கைப்பையில் அவளுக்கான ரொட்டி இருந்தது, அவ்வளவு கல்நெஞ்சக்காரி இல்லை நான். பிய்த்துக் கொடுத்தேன். மாத்திரை மாதிரி மென்றாள். எனக்கு வந்த கோபத்தில் நெஞ்சில் இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டேன்.

"ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை கேக்க முடியாதா உன்னால? முப்பது வருஷம் அவன் கொட்டகையில உக்காந்து குளிர்ல தின்னானே, எதுக்கு? நீ அதே கொட்டகையில உக்காந்து தின்னு சாகறதுக்கா?"

அவள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே பையன்கள் அலைமேல் பலகையை வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து எழுந்தார்கள்.

"அவர் அவரோட சம்சாரத்துக்காகக் கேட்டார். அதனால கேக்க முடிஞ்சுது" என்றாள். ஆறு மாதத்தில் அவள் பேசிய நீளமான பேச்சு அதுதான். "எனக்காக நானே எப்படிப் போய்க் கேக்கறது, பெர்னி? அது வராது. வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே வெக்கமா இருக்கு."

அதற்கு மேல் எனக்குத் திட்ட வரவில்லை. பிடிவாதத்துக்கும் ஒரு அளவு உண்டு. அவளைச் சாகவிட்டு நான் யாருக்குப் பாடம் நடத்தப்போகிறேன்? சாயங்காலம் நானே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். இன்னும் எத்தனை வருடம் இந்த முழங்கால் தாங்குமோ அத்தனை வருடம் நானே சொல்லிக்கொண்டிருப்பது.

சாயங்காலம் அதே மேசை, அதே எட்டுப் பேர். நேற்று இல்லாத ஒரு பெண் வந்தாள். பிரேசில் நாட்டுப் பெண், இருபத்தைந்து வயது இருக்கும், காதில் பென்சில். சூப்பை வைத்துவிட்டு, எங்கள் மொழியில் ஒவ்வொரு வார்த்தையாகக் கவனமாக எடுத்துப் பேசினாள்.

"இந்த மேசையில யாருக்காவது ஏதாவது ஆகாதா? சமையல் அறையில சொல்லணும்."

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் பக்கத்தில் நாற்காலி தரையில் கிரீச்சென்று பின்னால் நகர்ந்தது.

டிம்ப்னா எழுந்து நின்றாள். மடியிலிருந்த துணியை எடுத்து, இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டாள். அவள் குரல்தான். ஆனால் நிறுத்தி நிறுத்திப் பேசிய விதம் வேறு ஒருவருடையது.

"என் சம்சாரத்துக்குக் கோதுமை ஆகாது. ஒரு துணுக்கு போனாலும் அவ படுத்துருவா, எனக்குத் தூக்கம் கிடையாது. சமையல்காரர்கிட்ட நேர்ல ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க, நான் இங்கயே நிக்கிறேன்."

நோரீனின் கரண்டி வாய்க்கும் கிண்ணத்துக்கும் நடுவே நின்றுவிட்டது. மேசையில் எல்லோருக்கும் ஆஸ்டினைத் தெரியும்.  பிரேசில் பெண்ணுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. காதிலிருந்து பென்சிலை எடுத்துக் குறித்துக்கொண்டாள்.

"சரிம்மா. உங்க சம்சாரம் எங்க உக்காந்திருக்காங்க?"

டிம்ப்னா பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள். அதில் நான் இருந்தேன். அதற்கு அடுத்ததைப் பார்த்தாள். தான் எழுந்த காலி நாற்காலியைப் பார்த்தாள். தான் சொன்னது என்ன என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. முகம் கோணிக்கொண்டு போனது.

"இங்கதான்" என்றாள். "அது நான்தான். அவர் வரல."

அந்தப் பெண் புரியாமல் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன், என்னத்துக்கு ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது.

"அவர் செத்துட்டார்" என்றாள் டிம்ப்னா அவளிடம். ஆறு மாதத்தில் அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. அதோடு கண்ணிலிருந்து நீர் இறங்கியது. சத்தம் இல்லை, விம்மல் இல்லை, கூரை ஒழுகுகிற மாதிரி அதுபாட்டுக்கு வழிந்தது. கையிலிருந்த துணியால் துடைத்துக்கொள்ளவும் இல்லை. அதை மார்போடு பிடித்தபடியே இருந்தாள்.

"நானே போய் நேர்ல சொல்லிட்டு வரேன்" என்றாள் அந்தப் பெண். "நீங்க உக்காருங்க."

டிம்ப்னா உட்காரவில்லை. சமையல் அறைக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சுற்றியிருந்த மேசைகளெல்லாம் திரும்பிப் பார்த்தன. இந்தத் தடவை மேசைவிரிப்பில் பூவை எண்ணியவள் நான். கண்ணில் நீர் வந்து ஒரு பூவும் சரியாகத் தெரியவில்லை. எட்டு சூப்பும் ஆறியது, யாரும் கரண்டியைத் தொடவில்லை.

கதவு திறந்து அந்தப் பெண் எட்டிப் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் அவள் உட்கார்ந்தாள். தனித் தட்டு வந்தது. மாவு படாத மீன், உருளைக்கிழங்கு, மேலே வெறும் வெண்ணெய். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சாப்பிட்டாள், மிச்சம் வைக்கவில்லை.